புதுப்பிப்பு: வீட்டு நாஸ் கருவியைத் திறக்கும்போது வந்த பாதுகாப்பு எச்சரிக்கை தீர்ந்தது

வீட்டு வலையமைப்பிலுள்ள நாஸ் (வலையமைப்பு வழியே கோப்புகளைப் பகிரும்) சேமிப்புக் கருவியின் நிர்வாகப் பக்கத்தை 192.168.1.20 என்ற முகவரியில் திறக்கும்போதெல்லாம் கருவியின் சான்றிதழை (தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் மின்னணு அடையாளத்தை) நம்ப முடியாது எனக் குரோம் எச்சரிக்கை காட்டுகிறது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, எம்கேசர்ட் என்ற கட்டற்ற மென்பொருளால் வீட்டுக்கென ஒரு மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி அளிக்கும் தலைமைச் சான்றிதழை) உருவாக்கி, அதைக் கொண்டு கருவிக்குப் புதிய சான்றிதழ் வழங்கும் யோசனைதான். கருவியோடு வந்த சான்றிதழையே கணினியில் நம்பகமானதாகச் சேர்க்கும் யோசனை பயன்படவில்லை. அதில் பொதுப்பெயர் (Common Name என்ற பழைய பெயர்ப் புலம்) மட்டுமே இருந்தது, குரோமோ 2017இல் வந்த 58ஆம் பதிப்பிலிருந்து பொதுப்பெயரைப் பொருட்படுத்தாமல், சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்கும் முகவரிகளுக்கும் செல்லும் என்று சொல்லும் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் (Subject Alternative Name) முகவரி உள்ளதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே புதிய சான்றிதழை உருவாக்கும்போது கருவியின் பெயரோடு ஐபி முகவரியையும் கொடுப்பதும், அந்த முகவரி மாறாதபடி ரூட்டரில் ஒதுக்கி வைப்பதும் அவசியம்.

எதிர்பாராத சிக்கல் ஐபோனில் வந்தது. மூலச் சான்றிதழை நிறுவிய பிறகும் நீங்காத எச்சரிக்கை, அமைப்புகளில் அதற்கு முழு நம்பிக்கையைத் தனியாக இயக்கிய பின்னரே நீங்கியது. ஆப்பிள் கருவிகள் 825 நாளுக்கு மேல் செல்லுபடியாகும் சான்றிதழை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எம்கேசர்ட் அந்த வரம்புக்குள்தான் வழங்குகிறது. லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் தனக்கென ஒரு சான்றிதழ்ச் சேமிப்பை வைத்திருப்பதால் அதிலும் சேர்க்க வேண்டும்.

மூலச் சான்றிதழின் தனித்திறவியை (புதிய சான்றிதழ்களில் கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் கோப்பை) வேறெந்தக் கருவிக்கும் நகலெடுக்காதீர்கள். அது பிறர் கைக்குப் போனால், எந்த வங்கித் தளத்தின் பெயரிலும் உங்கள் கணினி நம்பக்கூடிய போலிச் சான்றிதழை அவர்களால் உருவாக்க முடியும்.