வர்னாவில் ஒரே ஒரு பகல்: தெற்கே நெசெபரா, வடக்கே பால்ச்சிக்கா?

பயணப்பை:
தம்பி பல்கேரியாவில், வர்னாவில் மருத்துவம் படிக்கிறான். ஜூலையில் அம்மாவை அழைத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போகிறேன். அவன் வீடு மாறும் வேலையிலேயே நாட்கள் போய்விடும். கடற்கரை ஊர் சுற்ற ஒரு முழுப் பகல்தான் கையில் இருக்கிறது. கார் இல்லை. அம்மா நன்றாக நடப்பார், ஆனால் படி என்றால் முழங்கால் மறுக்கும். சைவம். தெற்கே நெசெபர் போவதா, வடக்கே பால்ச்சிக், கலியாக்ரா முனை என்று போவதா?

தென்கரை:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நெசெபர்தான். 1983 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஊர். ஒடுங்கிய நிலத்துண்டைத் தாண்டினால், ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தீபகற்பம். அதற்குள் கோட்டை மதிலும் பைசாந்தியக் காலத் தேவாலயங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. கிறிஸ்து பாந்தோகிராட்டர் தேவாலயத்தின் சுவர் அருகே போய் நின்று பாருங்கள். வெள்ளைக் கல் ஒரு வரி, சிவப்புச் செங்கல் ஒரு வரி என்று மாறி மாறி அடுக்கி, வளைவுகளின் மேல் பச்சை மெருகிட்ட சிறு மண் வட்டுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அந்த ஒரு சுவருக்காகவே போகலாம்.

மலைப்பாதை:
சுவர் அழகுதான், மறுக்கவில்லை. அங்கே போய்ச் சேருவது எப்படி என்பதைத் தென்கரை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார். வர்னாவிலிருந்து நெசெபர் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். நடுவே பால்கன் மலைத்தொடர் கடலில் வந்து முடிகிற இடத்தைச் சாலை ஏறி இறங்கி வளைந்து கடக்கிறது. கோடையில் அந்தச் சாலையில் லாரியும் சுற்றுலா வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையோரமாக ரயில் ஓடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. வர்னாவிலிருந்து நெசெபருக்குப் பக்கத்து நகரமான புர்காஸுக்கு ரயில் உள்நாட்டில் கார்னொபத் வரை போய்ச் சுற்றித்தான் வரும்.

நீங்கள் இறங்கும்போது நண்பகல். பக்கத்து ஸ்லன்ச்செவ் பிரியாக் விடுதிகளில் தங்கியிருப்பவர்களும் அதே நேரத்தில்தான் அந்தச் சந்துகளுக்குள் வருவார்கள். அம்மா பார்க்கப்போவது தேவாலயத்தையா, குளிர்பெட்டியில் ஒட்டுகிற காந்தம் விற்கும் கடைகளையா?

பால்ச்சிக் இதில் பாதித் தொலைவுகூட இல்லை. காலை மினிபஸ் பிடித்தால் வெயில் ஏறுமுன் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கலாம்.

தென்கரை:
அரண்மனையாம்! ருமேனிய ராணி ஒருத்தி கட்டிக்கொண்ட கோடை வீடு. பல்கேரியக் கடற்கரையைப் பார்க்கப் போகிறவருக்கு அது எதற்கு?

மலைப்பாதை:
அதற்காகவேதான். பால்ச்சிக் இருக்கும் தெற்கு டொப்ருஜா பகுதியை 1913-இல் ருமேனியா எடுத்துக்கொண்டது. 1940-இல் கிராயோவா உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுத்தது. இந்த இடைவெளியில் ராணி மேரி கட்டிய வீடு அது. கிறிஸ்தவ ராணியின் வீட்டில் பள்ளிவாசல் மினாரைப் போல ஒரு கோபுரம் எழும்பி நிற்கிறது. 1938-இல் அவர் இறந்தபின் அவருடைய இதயத்தை இங்குள்ள சிற்றாலயத்தில்தான் வைத்தார்கள்; எல்லை மாறியபோது ருமேனியாவுக்கு எடுத்துப் போனார்கள். ஒரு கரை எத்தனை கை மாறியது என்பதை நெசெபரில் கல்வெட்டு படித்துத்தான் அறிய வேண்டும். இங்கே நிமிர்ந்து பார்த்தால் போதும்.

தென்கரை:
கதை நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தோட்டம் சரிவில் அடுக்கடுக்காக இறங்குகிறதே, அதைச் சொன்னீர்களா? கேட்டவர் முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறார். கலியாக்ராவுக்குக் கார் இல்லாமல் எப்படிப் போவார்? நெசெபர் பெரும்பாலும் சமதளம். கல் பாவிய தெருதான், நல்ல செருப்பு இருந்தால் போதும்.

மலைப்பாதை:
கலியாக்ராவை விட்டுவிடச் சொல்கிறேன். முனைவரை டாக்சி பேசினால் போகலாம், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம். பால்ச்சிக்கில் துறைமுகத்திலிருந்து அரண்மனைவரை கடலோர நடைபாதை இருக்கிறது, ஏற்றமே இல்லை. ராணியின் வீடு கடலை ஒட்டியது. கள்ளிச்செடித் தொகுப்பைப் பார்க்கத்தான் மேலே ஏற வேண்டும். அது தம்பிக்கு.

பழங்காசு:
இருவரும் பஸ் ஏற்றிவிடுவதிலேயே குறியாக இருக்கிறீர்கள். வர்னா தொல்லியல் அருங்காட்சியகத்தை ஏன் யாரும் சொல்லவில்லை? 1972-இல் ஊரின் ஓரத்தில் பள்ளம் தோண்டும்போது வெளிப்பட்ட இடுகாட்டின் தங்கம் அங்கே இருக்கிறது. ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் பழையது. மனிதர் வேலைப்பாடு செய்த தங்கத்தில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 43-ஆம் எண் குழியில் கிடந்த ஆண் ஒருவருடன் மட்டும் ஒன்றரைக் கிலோ! மணிகள், வளையல்கள், கைப்பிடியில் தங்கம் சுற்றிய கோடரி. நம் வீட்டு அம்மாக்கள் அந்தக் கண்ணாடிப் பேழையை விட்டு எளிதில் நகரமாட்டார்கள்.

தென்கரை:
மழை பெய்தால் போகலாம். வெயில் காலத்தில் கடலை விட்டு அறைக்குள் போகச் சொல்வது என்ன நியாயம்?

பயணப்பை:
கடலில் இறங்கலாமா? அம்மாவுக்குச் சாப்பாடு?

பழங்காசு:
கருங்கடலின் உப்பு பெருங்கடலில் பாதிதான். ஏற்றவற்றம் கண்ணுக்கே தெரியாது. அதனால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காற்றடிக்கும் நாளில் அடிநீர் இழுக்கும். சிவப்புக் கொடி என்றால் முழங்கால் நீரில்கூட வேண்டாம்.

சாப்பாட்டில் கவனம் வேண்டியது பனித்சாவில். பாலாடைக்கட்டி வைத்த மெல்லிய அடுக்குப் பலகாரம், எல்லாப் பேக்கரியிலும் கிடைக்கும், ஆனால் உள்ளே முட்டை சேர்ப்பார்கள். தாராத்தோர் தாராளமாகக் குடிக்கலாம்: குளிரவைத்த தயிரில் வெள்ளரி, பூண்டு, சோயிக்கீரை, அக்ரூட். ஏறக்குறைய நம் வெள்ளரிப் பச்சடியை நீர்க்கக் கரைத்த மாதிரி. இன்னொன்று, பழைய குறிப்புகளில் லெவ் என்ற பழைய நாணயக் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்; 2026 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான்.

பயணப்பை:
பால்ச்சிக் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா கேட்ட ஒரே கேள்வி: அந்த இதயத்தை எதில் வைத்து எடுத்துப் போனார்கள்? மாலை சீக்கிரம் திரும்பினால் தங்கத்தையும் பார்த்துவிடுவோம்.

தென்கரை:
உங்கள் விருப்பம். அடுத்த முறை புர்காஸில் தங்குங்கள். வடக்கே நெசெபர், தெற்கே சோசோபோல், இரண்டும் அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவில்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

மலைப்பாதை:
வர்னாவிலிருந்து நெசெபர் போகக் கூடாது என்றுதானே நானும் சொன்னேன்?

தென்கரை:
நீங்கள் நெசெபரே வேண்டாம் என்றீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.