பதில்: மெக்கானிக்கல் பென்சிலுக்குத் தமிழில என்ன?

> "இயந்திரப் பென்சில்" எண்டே வைப்பம், பழகின சொல்தானே

வணக்கம் அண்ணை. பழகினதுதான், ஆனா அதுக்குள்ள இயந்திரம் எங்க கிடக்கு? ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னக் கவ்வி, அவ்வளவுதான். போன கிழமை தங்கச்சி சொன்ன "சீவாப் பென்சில்" எனக்கும் பிடிச்சுத்தான் இருந்தது, பிறகு மத்திய வீதியில ஒரு கடையில "சீவாத பென்சில் இருக்கோ" எண்டு கேட்டுப் பாத்தன், மனுசன் தலை சீவாத புது எச்.பி பென்சில் ஒரு டசின் எடுத்து வைச்சிட்டார். அந்தச் சொல்லின்ர கதை அங்கயே முடிஞ்சுது.

நான் சொல்லுறது "உந்து பென்சில்". பிரிட்டிஷ் இங்கிலிஷில இதுக்குப் பேரே புறொப்பெலிங் பென்சில், எங்கட அப்பாவும் அப்பிடித்தான் சொல்லுறவர். ஒருக்கா அமத்தினா உள்ள இருக்கிற எழுதுற குச்சியை ஒரு அளவு முன்னுக்கு உந்தும், 0.3, 0.5, 0.7, 0.9 மி.மீ குச்சி எல்லாத்திலயும் இதுதான் நடக்கிறது. 2 மி.மீ குச்சி போடுறது வேற சாமான். ஸ்டெட்லர் மார்ஸ் டெக்னிகோ 780 வைச்சிருக்கிற ஆக்களுக்குத் தெரியும், பின்பக்கத்தை அமத்தினா கவ்வி வாயைத் திறக்கும், கீழ விரல் பிடிக்காட்டி குச்சி முழுக்க நிலத்தில. அது உந்தாது, விடும், பிறகு கவ்வும். அதால அது "கவ்வு பென்சில்". அதை இடைக்கிட தீட்டவும் வேணும். படம் கீற வாங்கிற பிள்ளையளுக்கு இந்த ரெண்டும் பிரிஞ்சு விளங்கினாலே பாதிக் காசு மிச்சம்.

குச்சி எண்டுதான் எழுதியிருக்கிறன், கவனிச்சிருப்பியள். "ஈயம்" வேண்டாம், அதில ஈயமே இல்லை. "காரீயம்" எண்டா இலங்கையில எங்களுக்கு பென்சில் கரி, போகலை, ககட்டகக எண்ட ஊர்களில இருக்கிற அதின்ர சுரங்கங்கள் ஞாபகம் வரும், இந்தியாவில சிலபேருக்கு அதுவே ஈய உலோகம். வீண் சண்டை. கரிக்குச்சி போதும்.

இப்ப குழல், நுனியில குச்சி வெளிய வாற சின்ன உலோகக் குழாய். உந்து பென்சில் சாகிறது அநேகமா அங்கதான். கோணேசர் கோயிலுக்கு ஏறுற வழியில மரத்துக்குக் கீழ நிண்ட மானை கீறிக்கொண்டு இருந்தனான், அது தலையைத் திருப்பினதும் நானும் அவசரப்பட்டுத் திரும்ப, மடியில கிடந்த பென்சில் மூக்குக் குத்துறமாதிரிக் கல்லில விழுந்தது, உடம்பு முழுக்க உலோகம், கீறல்கூட இல்லை, நுனியில இருந்த 4 மி.மீ குழல் மட்டும் ஒரு பக்கம் வளைஞ்சு போச்சு, குறட்டால நிமித்தப் போய் அது வெடிச்சது. பாரமான பித்தளை உடம்பு எண்டா உறுதி எண்டு நினைக்கிறது பிழை, பாரம் கூடினா மூக்கு இன்னும் பலமா அடிபடும். ரொட்ரிங் 600 எண்ட உந்து பென்சிலில குழல் வெளியிலயே நிக்கும், 800இல உள்ளுக்குப் போகும், பென்ரெல் கிராஃப்கியர் 1000இல கிளிப்பை அமத்தினாலே உள்ளுக்குப் போயிடும். பையில போட்டுத் திரியிற ஆளுக்கு நான் பின்னதைத்தான் சொல்லுவன். ஸ்கெட்சுக்கு 0.7 இல்லாட்டி 0.9, 0.5இல மெதுவான 2பி குச்சி போட்டு அழுத்தினா டிக் டிக் எண்டு முறியும்.

அந்தக் குழலுக்கு "உள்வாங்கு குழல்" எண்டு முதல் எழுதினன். எங்கட கரையில கடல் உள்வாங்கினதை 2004இல பாத்த ஆக்கள் அந்தச் சொல்லைப் பென்சிலுக்கு வைக்க மாட்டினம். ஆமை தலையை அடக்கிறமாதிரி "அடங்கு குழல்" எண்டு வைப்பமே?

——

> உந்து எண்டா வாகனம் எண்டெல்லோ நினைப்பினம்? பேருந்து, மகிழுந்து... பிறகு "உந்துப் பென்சில்" எண்டு ப் வராதோ?

ப் வராது, வினைத்தொகை, உந்தின உந்திற உந்தும் பென்சில், ஊறுகாய் மாதிரி. கவ்வு பென்சிலுக்கும் அதேதான். வாகனத்தில உந்து கடைசியில வரும், இதில முன்னுக்கு, குழப்பம் வராது எண்டு நினைக்கிறன். எதுக்கும் சனிக்கிழமை அதே கடைக்குப் போய் "உந்து பென்சில்" கேட்டுப் பாத்திட்டு எழுதுறன். மனுசன் சைக்கிள் பம்ப் எடுத்துத் தந்தா நானே வாபஸ் வாங்கிறன்.