காது மந்தமான அப்பாவுக்கு அதிர்வுப் பட்டை: பவர் டில்லர் பிடித்தால் எதுவும் தெரியவில்லை

நீடாமங்கலத்தான்:
வயலில் போர்வெல் மோட்டார். மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஸ்டார்ட்டரிலிருந்து அலைபேசிக்கு அழைப்பு வரும், அப்பாவுக்குக் கேட்காது. அதனால் நாணய மோட்டார் (காசு வடிவில் உள்ள சிறு அதிர்வு மோட்டார்) வைத்து மணிக்கட்டுப் பட்டை செய்து கொடுத்தேன். மின்சாரம் வந்தால் மெல்லிய அதிர்வு, போனால் நடுத்தரம், மூன்று முனைகளில் ஒன்று (ஒரு பேஸ்) மட்டும் போனால் பலத்தது. இந்த மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே நடுத்தரத்துக்கும் பலத்ததுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. டில்லர் பிடித்துவிட்டால் சுத்தம். இன்னும் பெரிய மோட்டார் போடலாமா?

சாலிடர் புகை:
வேண்டாம். நாணய மோட்டாரில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகமும் பலமும் சேர்ந்தே ஏறும். தோலுக்கு அது ஒரே குழப்பம். எல்.ஆர்.ஏ. வகைக்கு மாறுங்கள். சுருள் காந்த எடையை நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஆட்டும் வகை அது. சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும். டி.ஆர்.வி. 2605 எல் சில்லு இரண்டு வகையையும் இயக்கும், பிரேக்கும் போடும்.

டில்லர் விஷயம் வேறு. இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் நொடிக்கு 33 குலுக்கல். அதன் மடங்குகளும் கூடவே வரும். தோலின் ஆழத்தில் அதிர்வை உணரும் பாசினி நுண்ணுறுப்புகள் 250 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 250 அதிர்வு, பக்கம்தான் மிகக் கூர்மை. உங்கள் சமிக்ஞை நம்பியிருப்பது அவற்றைத்தான், டில்லர் மரத்துப்போக வைப்பதும் அவற்றைத்தான். கைப்பிடியை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கை மந்தமாகவே இருக்கும். மணிக்கட்டை மறந்துவிடுங்கள்.

திருவையாறு மிருதங்கம்:
எனக்கு மின்னணு தெரியாது. பலத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், இடைவெளியை வைத்துப் பிரியுங்கள். மின்சாரம் வந்தால் ஒரே ஒரு நீண்ட தட்டு. போனால் நிதானமாக இரண்டு. பேஸ் கோளாறுக்குத் ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாக, அவர் பொத்தானை அழுத்தும்வரை விடாமல். பாட்டே கேட்காதவர்கூட ஒரு தட்டையும் ‘தகிட’வையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

நீடாமங்கலத்தான்:
தாளம் பிடித்திருக்கிறது. இடம்தான் சிக்கல். மேல்கையில் கட்டச் சொன்னால், “தாயத்தா கட்டிவிடுகிறாய்?” என்கிறார். ஆனால் பணம், வெற்றிலை எல்லாம் வைக்கும் பச்சை பெல்ட்டை அவர் கழற்றுவதே இல்லை. அதன் பைக்குள் வைத்தால்?

சாலிடர் புகை:
அருமையான இடம். கைப்பிடியின் வேகமான அதிர்வு இடுப்புவரை ஏறாது. ஆனால் இடுப்புத் தோல் கை அளவுக்குக் கூர்மையில்லை. அங்கே இடம் தாராளமாக இருப்பதால் பெரிய அதிர்வி போடுங்கள். இப்போது அது நியாயம். பைத்துணிக்குள் தளர்வாகக் கிடந்தால் வீண். பெல்ட்டின் உள்பக்கம், உடம்பை ஒட்டி, தட்டையான தகட்டில் பொருத்தித் தைத்துவிடுங்கள். குலுக்கலை அளக்கும் முடுக்கமானி ஒன்றையும் சேர்த்தால், குலுக்கல் அடங்கியதும் செய்தியை மறுபடி தட்டச் சொல்லலாம். வரப்பு திரும்பும்போது கிளட்சைப் பிடிப்பார் அல்லவா, அந்த இடைவெளி போதும். பேஸ் கோளாற்றை மட்டும் அதற்காகக் காக்க வைக்காதீர்கள். அதற்கு ஸ்டார்ட்டரிலேயே ஒற்றைப் பேஸ் தடுப்பான் போட்டு, மோட்டார் தானாக நிற்கும்படி செய்துவிடுங்கள்.