பாட்டில் மூடி கோத்துப் பழக்கம் உள்ளவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செஞ்ச சிற்பி எல் அனட்சுயி, மதுபாட்டில் அலுமினிய மூடிகளைத் தட்டி, செம்புக் கம்பியால கோத்து சுவரளவுக்குத் தொங்கவிடுவார். தூரத்துல பார்த்தா பட்டுத்துணி மாதிரி மடிப்பு விழும். அந்த ஆசையில காயலான் கடையில ரெண்டு கிலோ மூடி வாங்கிட்டேன். (வீட்ல ஒரு மாதிரியா பார்க்கிறாங்க.)

ஆனா ஆணியால ஓட்டை போட்டா ஓரம் கிழியுது. மோட்டார் காயில் கட்டுற கடையில வாங்கின கம்பி ரெண்டு முறுக்குல அறுந்துடுது. ஒரு முழம் கோக்கறதுக்குள்ள விரலெல்லாம் கீறல்.

ஓட்டைக்கு எந்தக் கருவி சரி? செருப்புத் தைக்கிறவங்க வச்சிருக்கிற பஞ்ச் போதுமா? கம்பி எவ்வளவு கனம் வேணும்? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.