மூணு வாரத்துல பரீட்சை, எலக்ட்ரோலைட் நம்பர் எல்லாம் குழம்புது

புது_வார்டு:
வெளிநாட்டுல நர்ஸ் வேலைக்குன்னு இங்க வந்து ஆறு வாரம் ஆச்சு. நர்ஸாப் பதிவு பண்ற பரீட்சைக்கு மூணே வாரம். ஃபார்மா (மருந்துப் பாடம்), எலக்ட்ரோலைட் (ரத்தத்துல இருக்கிற உப்புகள்), விட்டமின் எல்லாம் குழம்பிக் கிடக்கு. கால்சியம் நார்மல் ஒரு நோட்ல 9 முதல் 10.5, இன்னொண்ணுல 2.2 முதல் 2.6. எது சரி? ராத்திரி தூக்கமே இல்லை. எதைப் படிக்கணும்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

டிரிப்_செட்:
என்கிளெக்ஸ், அதாவது அமெரிக்க நர்ஸ் பரீட்சைதானே? சோடியம் 135–145, பொட்டாசியம் 3.5–5.0, கால்சியம் 9–10.5. எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. 85 கேள்வியிலயே கம்ப்யூட்டர் பரீட்சையை முடிச்சாலும் பதறாதீங்க, 150 வரைக்கும் போனாலும் பதறாதீங்க. மருந்துப் பேரும் மாறும்: பாராசிட்டமால் அங்க அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் அல்பூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின்.

ஐசியூ_அக்கா:
எந்த நாடுன்னே சொல்லலையே தங்கச்சி! உன் நோட்டு ரெண்டும் சரிதான். 9–10.5ங்கிறது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். அமெரிக்காவும் நம்ம ஊர் லேபும் அப்படித்தான் எழுதும். 2.2–2.6 லிட்டருக்கு மில்லிமோல், இங்கிலாந்து கணக்கு. கால்சியத்தை 4-ஆல வகு, சர்க்கரையை 18-ஆல வகு. 180 சர்க்கரை இங்கிலாந்துல 10. சோடியம், பொட்டாசியத்துக்கு மில்லிஈக்விவலன்ட்டும் (அமெரிக்கா எழுதுற அளவு) மில்லிமோலும் ஒண்ணுதான். கால்சியம், மெக்னீசியத்துக்கு அப்படி இல்லை, மில்லிஈக்விவலன்ட் எண் மில்லிமோலைப் போல இரட்டிப்பாகும்.

மருந்து_டிராலி:
நார்மல் வேல்யூ ரிப்போர்ட்லயே அச்சாகி வருது, அதை ஏன் உருப்போடணும்? பொட்டாசியத்தை எப்படி ஏத்துறதுன்னு படிங்க. ஊர்ல பொட்டாசியம் குளோரைடு 15 சதவீதம், 10 மில்லி ஆம்பியூல் (சின்ன மருந்துக் குப்பி); அதுல 20 மில்லிமோல். தொங்கிக்கிட்டிருக்கிற பாட்டில்லயே குத்தி விடுறதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கரைசல் அடர்த்தியானது. கலக்காம விட்டா அடியில, டியூப் மாட்டுற போர்ட் பக்கமே தங்கும். முதல் சில மில்லியிலயே மொத்தமும் நரம்புக்குள்ள போய் இதயம் நின்னுரும். அதனாலதான் இங்கிலாந்துல ஆம்பியூலைப் பூட்டி வச்சு, வார்டுக்கு 20 அல்லது 40 மில்லிமோல் கலந்த லிட்டர் பையாவே தர்றாங்க. சாதாரண வார்டுல மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல வேண்டாம். 40 போட்ட பை நாலு மணி நேரத்துக்குக் குறைஞ்சு ஓடக் கூடாது. சிரிஞ்சுல புஷ் பண்றது எந்த நாட்டுலயும் கிடையாது.

ஏத்தியும் ஏறலைன்னா மெக்னீசியத்தைப் பாருங்க. அது குறைஞ்சிருந்தா சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கும்.

டிரிப்_செட்:
பொட்டாசியம் ஏறிப் போனதுதான் அடிக்கடி கேட்கிற கேள்வி. 6.5 தாண்டி, ஈசிஜியில டி அலை கூடாரம் மாதிரி நின்னா முதல்ல கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காக்கும், அவ்வளவுதான். இறக்குறது 10 யூனிட் இன்சுலினும் 25 கிராம் குளுக்கோஸும். அதுக்கப்புறம் சர்க்கரை இறங்கும், மணிக்கணக்கா பார்க்கணும்.

கம்பளி_போர்வை:
விட்டமின் டி-ன்னு ஒண்ணு இருக்கிறதையே இந்த ஊர்க் குளிர்தான் ஞாபகப்படுத்துது. சாயங்காலம் 4 மணிக்கு இருட்டு, ஹீட்டர் பில்லைப் பார்த்தா காய்ச்சல். பத்து வருஷம் ஐசியூ பார்த்தவங்களையும் பின் நம்பர் (நர்ஸ் பதிவு எண்) வர்ற வரைக்கும் பேண்ட் 4-ல (நர்ஸுக்குக் கீழ்ச் சம்பள நிலை) உட்கார வச்சு, மாத்திரையைத் தொட விடமாட்டாங்க. இதுல பரீட்சை வேற.

மருந்து_டிராலி:
புலம்பல் நியாயம்தான், ஆனா ஊர்லேர்ந்து கொண்டு வந்த 60,000 யூனிட் விட்டமின் டி சாஷேயைத் (பொடிப் பாக்கெட்) தினமும் கரைச்சுக் குடிச்சிராதீங்க, அது வாரம் ஒண்ணு. இங்க சொல்ற அளவு தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட். நம்ம தோல் நிறத்துக்கு வருஷம் முழுக்க எடுக்கலாம்.

ஐசியூ_அக்கா:
விட்டமினை, அதைக் குறைக்கிற மருந்தோட ஜோடி போட்டுப் படிம்மா. காசநோய்க்குத் தர்ற ஐசோனியசிட்னா பி6, சர்க்கரைக்குத் தர்ற மெட்ஃபார்மின்னா பி12, மெத்தோட்ரெக்ஸேட்னா ஃபோலிக் ஆசிட். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரே நாள். தினசரின்னு எழுதியிருந்தா நிறுத்திக் கேட்கணும். ரத்தம் உறையாம இருக்கத் தர்ற வார்ஃபரினுக்கு எதிர் விட்டமின் கே. கீரையே கூடாதுன்னு சொல்லாதே, வாரா வாரம் ஒரே அளவுன்னு சொல்லு. குடிநோயாளிக்கு குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் (விட்டமின் பி1).

புது_வார்டு:
மன்னிச்சுக்கோங்க, இங்கிலாந்துதான். சிபிடி (கம்ப்யூட்டர்ல எழுதுற தேர்வு) ஊர்லயே பாஸ். இப்ப ஓஸ்கி (செஞ்சு காட்டுற தேர்வு).

மருந்து_டிராலி:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி பேச்சு மிச்சம்! ஓஸ்கின்னா பட்டியலை மூடி வைங்க. மருந்து கொடுக்கிற ஸ்டேஷன் (தேர்வுல ஒரு சுற்று) 15 நிமிஷம். பேரும் பிறந்த தேதியும் நோயாளி வாயால சொல்லணும், கைப்பட்டையோடயும் மருந்து சார்ட்டோடயும் ஒத்துப் பாருங்க. அலர்ஜியை மாத்திரை எடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. பென்சிலின் ஒத்துக்காதவருக்கு அமாக்சிசிலின் எழுதி வச்சிருப்பாங்க, அதுவும் பென்சிலின் வகைதான். கொடுக்கலைன்னா சார்ட் கட்டத்தை வெறுமையா விடாம, கொடுக்காததுக்கான குறியீடும் காரணமும் எழுதுங்க. மைக்ரோகிராம், யூனிட் ரெண்டையும் முழுசா எழுதுங்க. சுருக்கி 'யு' போட்டா அது பூஜ்யமாத் தெரியும், 4 யூனிட் 40 ஆயிரும். பாராசிட்டமால் இங்க 500 மி.கி., டோலோ 650 பழக்கத்தை மறந்துருங்க. கடைசி டோஸ் எப்போன்னு பாருங்க: நாலு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்துல 4 கிராம், எடை 50 கிலோவுக்குக் கீழன்னா டாக்டரைக் கேளுங்க. அதே சார்ட்ல கோ-கோடமால் இருக்கான்னும் தேடுங்க.

புது_வார்டு:
கோ-கோடமால்லயும் பாராசிட்டமாலா?

மருந்து_டிராலி:
ஆமா சிஸ்டர். 8/500, 15/500, 30/500ன்னு போட்டிருக்கும். முதல் எண் கோடீன்ங்கிற வலி மருந்து, பின்னாடி 500 பாராசிட்டமால்.