பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டியது யார்?

திண்ணைவாசி:
யாரோ அனுப்பிவைத்த கன்வென்ஷன் செய்தி ஒன்றைக் கேட்டுத் தொலைத்தேன். தலைப்பு, ‘ஆசாரிய வஸ்திரங்களின் ஆவிக்குரிய அர்த்தம்’. ஏபோத்து என்ற மேலுடை, மார்ப்பதக்கம், பாகை எல்லாம் மடமடவென்று முடிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்கக் கயிறு. பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில், ஆலயத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டித்தான் அனுப்புவார்களாம். அங்கியின் ஓரத்துப் பொன்மணிச் சத்தம் நின்றால் உள்ளே ஆள் காலியாம். உடனே கயிற்றைப் பிடித்து வெளியே இழுப்பார்களாம். கூட்டம் மெய்சிலிர்த்து அல்லேலூயா போடுகிறது.

யாத்திராகமம் 28-ல் எட்டு உடையும் இருக்கிறது. எந்த நூல், எந்த நிறம், எந்தக் கல்லில் யார் பெயர், வளையம் எங்கே, நாடா எங்கே என்று தையற்காரரிடம் அளவு சொல்வதுபோல் சொல்லியிருக்கிறது. கயிறு எங்கே? வசனம் போடுங்கள், பார்ப்போம்.

கன்மலை:
வந்துவிட்டார் ஐயா. எருசலேமில் ‘ஊசிக்காது’ என்று ஒரு வாசலே கிடையாது என்று போன முறை எங்கள் போதகரைக் கிழித்தவர் இவர்தான். ஊழியக்காரர்களைக் குறை சொல்லாவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது.

28:35-ஐ வாசியுங்கள் பிரதர். ஆசாரியன் சாகாதபடிக்கு மணிச் சத்தம் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. மணி இருக்கிறது, சாவும் இருக்கிறது. லேவியராகமம் 16:17-ன்படி அந்த நேரத்தில் வேறு ஒருவரும் கூடாரத்தில், அதாவது ஆலயத்துக்கு முன்பிருந்த ஆசரிப்புக் கூடாரத்தில், இருக்கக்கூடாது. அப்படியானால் செத்தவனை யார் தூக்குவது? கயிறு கட்டித்தான் ஆகவேண்டும். எல்லாவற்றையும் எழுதித்தான் வைக்கவேண்டுமா?

திண்ணைவாசி:
ஊசிக்காது வாசல் இப்போதும் கிடையாது. அதை அப்புறம் பார்க்கலாம்.

அதே லேவியராகமம் 16-ல் 4-ம் வசனத்தை ஏன் தாண்டிப் போனீர்கள்? அன்றைக்கு முதல் பிரதான ஆசாரியனான ஆரோன் உள்ளே போகும்போது உடுத்துவது சணல்நூல் அங்கி, சணல்நூல் சல்லடம் (உள்காற்சட்டை), சணல்நூல் இடைக்கச்சை, சணல்நூல் பாகை. அவ்வளவுதான். பொன் இல்லை, ஏபோத்து இல்லை, மணி வைத்த நீல அங்கியும் இல்லை. மணியே இல்லாத நாளில் எந்த மணி நின்றது?

இன்னொன்று. 'சாகாதபடிக்கு' என்பது மணிக்கு மட்டும் சொன்னதில்லை. 28:43-ல் சல்லடத்துக்கும் அதேதான். 30:20-ல் கைகால் கழுவுவதற்கும் அதேதான். சல்லடம் போட மறந்தவனை இழுக்கத் தனிக் கயிறு வைத்திருந்தார்களா?

சண்டே ஸ்கூல் டீச்சர்:
சகோதரர்களே, தலைப்பு உடைகளின் அர்த்தம் அல்லவா? தோளில் இரண்டு கோமேதகக் கல், ஒன்றுக்கு ஆறு கோத்திரத்தின் பெயர். மார்பில் பன்னிரண்டு கல், அதிலும் பெயர்கள். ஜனங்களைத் தோளிலும் நெஞ்சிலும் சுமந்துகொண்டு தேவனுக்கு முன் நிற்கிறான். இதைவிட்டு ஏன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கன்மலை:
டீச்சர் சொல்வது சரிதான். ஆனால் இவர் முதலில் கயிறு இல்லை என்று நிரூபிக்கட்டும். சணல்நூல் உடுப்புக்கு மேல் நீல அங்கி போடவே இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது?

திண்ணைவாசி:
16:23, 24. வேலை முடிந்ததும் சணல்நூல் உடுப்பைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு, குளித்து, தன் வஸ்திரங்களை உடுத்துகிறான். மேலே போட்டிருந்தால் எதற்குக் கழற்றி மாற்றவேண்டும்? யூத ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி அன்றைக்கு ஐந்து முழுக்கு, கைகாலைச் சுத்தம் செய்வது பத்துத் தடவை என்று கணக்குச் சொல்கிறது. அவர் குளித்ததை எண்ணியவர்களுக்குக் காலில் கட்டிய கயிறு கண்ணில் படவில்லை!

கீழடி ரசிகன்:
மிஷ்னா பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதே யோமாவில், அன்று மாலை பிரதான ஆசாரியர் உடுத்தியது இந்தியத் துணி என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியத் துணி என்றால் நம் உறையூர்த் துணிதான். பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வணிக நூலில் அர்கரு என்று வருகிறது. எருசலேம் ஆலயத்தின் உள்ளறைக்குள் தமிழன் நெய்த துணி! இதை எந்தக் கன்வென்ஷனிலும் சொல்லமாட்டார்கள்.

திண்ணைவாசி:
பாதி சரி. காலையில் எகிப்தின் பெலூசியத்துத் துணி, மாலையில் இந்தியத் துணி என்றுதான் இருக்கிறது. ரபி மேயர் கணக்கில் காலைத் துணி 12 மினா, அதாவது 1200 சூசு வெள்ளிக்காசு. மாலைத் துணி 800. உள்ளறைக்குள் தூபம் கொண்டுபோனது காலைத் துணியோடு. மாலையில் போனது தூபகலசத்தை எடுத்துவர. அப்புறம், துணி ஏற்றிய துறைமுகம் நமக்கு மட்டும் சொந்தமா? அதே பெரிப்ளூஸில் குஜராத்தின் பரூச்சிலிருந்தும் துணி போகிறது. உறையூர் முத்திரை எங்கே குத்தியிருந்தது?

கீழடி ரசிகன்:
விலை குறைவு என்று நக்கல் வேறு. எகிப்துக்காரன் துணி உசத்தி, குஜராத் துணி இருக்கலாம், தமிழன் துணி என்றால் மட்டும் முத்திரை வேண்டும். உங்களைப்போன்றவர்களால்தான் நம் வரலாறு இந்த நிலையில் இருக்கிறது.

கன்மலை:
அவருக்கு வேதமும் வேண்டாம், தமிழும் வேண்டாம். அதை விடுங்கள். கயிறு யூதர்களுடைய புத்தகத்திலேயே இருக்கிறது. சோகார் என்று பெயர். தேடிப் படியுங்கள் திண்ணைவாசி.

திண்ணைவாசி:
படித்துவிட்டுத்தான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். சோகார் வெளிவந்தது 13-ம் நூற்றாண்டு ஸ்பெயினில். ஆலயம் இடிந்தது கி.பி. 70-ல். நடுவில் 1200 வருஷம். அதிலும் ஓரிடத்தில் கயிறு, இன்னோரிடத்தில் தங்கச் சங்கிலி. ஆலயம் நின்றபோது வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் ஆசாரியக் குடும்பத்தவர், உடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். அவர் சொல்வது மணி இடிமுழக்கம், மாதளம்பழம் மின்னல் என்று. அவரிடம் கயிறு இல்லை. யூதத் தத்துவ அறிஞர் அலெக்சாந்திரியா பிலோ நீல அங்கி முழுவதையும் ஆகாயம் என்கிறார். அவரிடமும் கயிறு இல்லை. எபிரெயர் நிருபம் 9-ம் அதிகாரம் இதே அறையைப் பற்றித்தான் பேசுகிறது. அங்கேயும் இல்லை.

தூத்துக்குடி மைந்தன்:
ஜொசிபஸ் என்றதும் ஞாபகம் வந்தது. தலைமைக் குருவின் உடையை ரோமர்கள் ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்திருந்தார்கள். திருவிழாவுக்கு முன்பு கேட்டு வாங்கவேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும். சிரியாவின் ஆளுநர் வித்தேலியு வந்துதான் அதை ஆசாரியர்கள் கையிலேயே திருப்பி ஒப்படைத்தார். உடையைக் கையில் வைத்திருந்தவனிடம் அதிகாரம் இருந்தது. டீச்சர் கேட்ட அர்த்தத்துக்கு இதைவிட நல்ல பதில் இருக்காது என்பது என் கருத்து.

கன்மலை:
கத்தோலிக்கர்கள் அங்கியைப் பற்றிப் பேசாமல் யார் பேசுவார்கள், பேசுங்கள். நான் கேட்டது இன்னும் அப்படியே நிற்கிறது. உள்ளே செத்தால் யார் எடுப்பது?

தூத்துக்குடி மைந்தன்:
இந்தக் குத்தல் எதற்கு? உங்கள் போதகர் போடும் கோட்டுக்கு யாத்திராகமத்தில் எந்த வசனம்?

திண்ணைவாசி:
யார் எடுப்பது? ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் அக்கினியில் செத்தபோது மிஷாவேலும் எல்சாபானும் போய், அவர்கள் உடுத்தியிருந்த அங்கியோடே தூக்கிக்கொண்டு போனார்கள். லேவியராகமம் 10:5. கயிறு கேட்கவில்லை.

கன்மலை:
அவர்கள் செத்தது மகா பரிசுத்த ஸ்தலத்தில் இல்லையே! ஸ்தலத்துக்கு முன்னால். மாட்டிக்கொண்டீர்களா?

திண்ணைவாசி:
யார் மாட்டியது? மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் ஆள் போக வழியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆலயத்தில் பழுது பார்க்கவேண்டி வந்தால் மேல்மாடித் திறப்பு வழியாகக் கொத்தர்களைப் பெட்டிக்குள் வைத்து இறக்கினார்கள், கண்ணால் மேயக்கூடாது என்பதற்காக. மிஷ்னா, மிதோத் 4:5. சுவரில் காரை பூச ஆள் இறங்கலாம், செத்தவரை எடுக்க மட்டும் வழி இல்லையா?

சண்டே ஸ்கூல் டீச்சர்:
நெற்றிப் பட்டத்தில் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று வெட்டியிருந்ததே, அதைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதுவீர்களா?

கன்மலை:
எழுதலாம் டீச்சர், இவர் வாயை மூடட்டும். மிஷ்னாவுக்கு ரபிகள் எழுதிய விளக்கமான தல்மூதிலேயே இருக்கிறது, கி.பி. 70-ல் இடிந்த இரண்டாம் ஆலயக் காலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட பிரதான ஆசாரியர்கள், பலர் ஒரு வருஷம்கூடத் தாண்டவில்லை என்று. அத்தனை பேர் எங்கே செத்தார்கள்? 2011-ல் எருசலேமில் தாவீதின் நகரத்துப் பக்கம் பழைய வடிகாலில் பொன்மணி கிடைத்ததே, அதையும் இல்லை என்பீர்களா?

திண்ணைவாசி:
மணி இல்லை என்று யார் சொன்னது? தல்மூது ரபிகளே மணி 72-ஆ 36-ஆ என்று சண்டை போட்டிருக்கிறார்கள். கிடைத்த அந்த ஒற்றை மணி யார் உடுப்பில் தொங்கியது என்று எவருக்கும் தெரியாது. வடிகாலில் கயிறு கிடைத்ததா, அதைச் சொல்லுங்கள். வருஷம் தாண்டாதவர்கள் உள்ளறையில்தான் விழுந்தார்கள் என்று தல்மூது சொல்லவில்லை. பதவியைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றுதான் குறை சொல்கிறது.

கடைசியாகத் திரை. இரண்டாம் ஆலயத்தில் இரண்டு திரை, நடுவில் ஒரு முழ இடைவெளி. வெளித்திரைக்குத் தென்பக்கம் வாசல், உள்திரைக்கு வடபக்கம் வாசல். ஆசாரியர் தெற்கே நுழைந்து, இரண்டு திரைக்கும் நடுவே வடக்கு வரைக்கும் நடந்து, அப்புறம் உள்ளே திரும்பவேண்டும். யோமா 5:1. கயிற்றை இழுத்தால் ஆள் வருவதற்கு முன் திரைதான் கிழிந்து வரும்.

கன்மலை:
எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது. உங்களுக்கு முழக்கணக்கு போதும். கயிறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அதே செய்தியைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறேன்.

கீழடி ரசிகன்:
உறையூர் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

திண்ணைவாசி:
நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே, திட்டினீர்கள். கன்மலை, ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். அப்படியே லேவியராகமம் 16:4-ஐயும் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.