பால் பைத்தானும் இரண்டு கெக்கோவும்: சிகாகோ பக்கத்திலிருந்து டாலஸ் பக்கம், மார்ச் மாதத்தில் அனுப்புவது எப்படி?

நேப்பர்வில்_பல்லி

வணக்கம். மார்ச் முதல் வாரம் இல்லினாய் நேப்பர்வில்லில் இருந்து டெக்சஸ் ஃபிரிஸ்கோவுக்கு வீடு மாறுகிறோம். சாமான் ஏற்றும் கம்பெனி உயிருள்ள எதையும் தொடாது. நாங்கள் விமானத்தில் போகிறோம், கேபினில் பாம்பு பல்லிக்கு இடமில்லை. ஆக, கூரியர்தான்.

இருப்பது மூன்று பேர்: பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருளும் சின்ன மலைப்பாம்பு வகை), பெண், 1,600 கிராம். கிரெஸ்டட் கெக்கோ (கெக்கோ என்றால் ஒரு பல்லி வகை), 42 கிராம், வாலோடு. லெப்பர்ட் கெக்கோ, 65 கிராம்.

எந்தக் கூரியர்? மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு ஒரே பெட்டியில் அனுப்பலாமா? கிளம்பும் இடத்தில் உறைகுளிர், சேரும் இடத்தில் மதியம் 70 டிகிரி வரை போகும் (எல்லாம் ஃபாரன்ஹீட்). அப்படியென்றால் ஹீட் பேக் (சூடு தரும் பொட்டலம்) வைப்பதா, வேண்டாமா? அங்கே பெட்டியை வாங்கப் போவது என் தம்பி. அவனுக்கு இதுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஊர்வனகாரன்

கூரியர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பாம்பு இருப்பதால் வேறு வழியே இல்லை. அமெரிக்கத் தபால் துறை சின்னப் பல்லிகளை ஏற்கும். பாம்பையும் ஆமையையும் ஏற்காது. யுபிஎஸ்ஸும் பாம்பு எடுக்காது. மிச்சம் ஃபெடெக்ஸ். அங்கேயும் தனி ஆள் நேராகக் கவுன்டரில் போய் அனுப்ப முடியாது. ஷிப் யுவர் ரெப்டைல்ஸ், ரெப்டைல்ஸ் டு யூ மாதிரி அனுமதி பெற்ற தளத்தில் லேபிள் வாங்கி, அவர்கள் சொல்லும் பெட்டியில் கட்டி, பிரயாரிட்டி ஓவர்நைட்டில் (மறுநாள் காலை சேரும் சேவை) அனுப்ப வேண்டும். உயிரோடு சேராவிட்டால் பணம் திருப்பித் தரும் திட்டம் எடுத்தால் அதன் வெப்பநிலை நிபந்தனைகளை லேபிள் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். வானிலை வரம்பு தாண்டிய நாளில் அனுப்பினால் அது செல்லாமல் போகலாம்.

"உள்ளே என்ன என்று சொல்லாமல் சாதா லேபிள் ஒட்டிவிடு" என்று யோசனை சொல்ல ஆள் வருவார்கள். காதில் வாங்காதீர்கள். மாநிலம் தாண்டும் பெட்டியின் மேல் அனுப்புபவர், பெறுபவர் பெயர் முகவரியும், உள்ளே இருக்கும் இனத்தின் அறிவியல் பெயரும், எத்தனை என்பதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டத்தை மீறுவதாகும். ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டால் போதும்.

டெக்சஸில் பால் பைத்தானுக்கு பெர்மிட் வேண்டாம். ரெட்டிகுலேட்டட், ஆப்பிரிக்க ராக் பைத்தான், பச்சை அனகோண்டா வகையறாவுக்குத்தான் கேட்பார்கள்.

ஒரே பெட்டி கூடாது. காரணம் சண்டை இல்லை, சூடு. பைத்தானுக்கு 80 டிகிரி சுகம். கிரெஸ்டிக்கு (கிரெஸ்டட் கெக்கோவுக்கு) அதற்கு மேல் போகப் போக ஆபத்து. பாம்புக்குச் சரியாக ஹீட் பேக் வைத்தால் பல்லி வெந்துபோகும். பாம்புக்கு ஒரு பெட்டி, இரண்டு கெக்கோவுக்கும் தனித்தனி டப்பாவோடு இன்னொரு பெட்டி. அங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இனி பாம்பைக் கட்டும் விதம்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே எலியை நிறுத்துங்கள். வயிற்றில் இரை இருக்கும்போது பெட்டி குலுங்கினால், குளிர்ந்தால், கக்கிவிடும். மூடிய பைக்குள் அது மூச்சடைப்பில் முடியலாம். தண்ணீர் கடைசி நாள் வரை இருக்கட்டும், பெட்டிக்குள் மட்டும் தண்ணீர்க் கிண்ணம் கூடாது. கண் நீலம் பாய்ந்து தோல் உரிக்கும் நேரமாக இருந்தால் தேதியைத் தள்ளுங்கள்.

பை: நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணி, தலையணை உறை அளவு. உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். தையல் ஓரத்து நூல் பிசிறு உள்ளே இருந்தால் பல்லிலும் செதிலிலும் மாட்டும். பாம்பு அடியில் சுருண்டபின் மேல் துணியை முறுக்கி, மடித்து, ஜிப் டையால் இறுக்குங்கள். வெறும் முடிச்சை மூக்கால் நெம்பித் தளர்த்திவிடும். டை பாம்பின் உடலை விட்டு ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். போடும் முன் விரலால் தடவிப் பாருங்கள், வால் நுனி அங்கேதான் வந்து நிற்கும்.

பெட்டி: முக்கால் அங்குல ஃபோம் ஆறு பக்கமும் போட்ட அட்டைப்பெட்டி. சுருண்ட பாம்பைச் சுற்றி இரண்டு மூன்று விரல் இடம் போதும். அந்த இடத்தையும் கசக்கிய செய்தித்தாளால் நிரப்புங்கள். பெரிய பெட்டி கருணை இல்லை, உள்ளே உருண்டு அடிபடும்.

ஹீட் பேக்: யூனிஹீட் 40 மணி நேரப் பேக் ஒன்று. உள்ளே இருப்பது இரும்புத்தூள்; அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவேறும்போது வரும் சூடுதான். ஆகவே காற்று இல்லாத பெட்டியில் அது அணைந்துவிடும். பேக்குக்குப் பக்கத்தில் ஃபோமையும் அட்டையையும் சேர்த்துப் பென்சில் கனத்தில் இரண்டு ஓட்டை போடுங்கள். கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உறையைப் பிரித்து, உதறி, வெளியே வையுங்கள். கையில் சூடு தெரிந்தபிறகே உள்ளே போக வேண்டும். மூடியின் உட்பக்கம் டேப்பால் ஒட்டுங்கள், காற்று போகும் முகத்தின்மேல் டேப் படாமல். அதற்கும் பைக்கும் நடுவே செய்தித்தாள் இரண்டு மூன்று அடுக்கு. பாம்புக்கு அடியில் வைத்தால் வயிறு வெந்துபோகும், அதுவோ நகர வழியில்லாமல் அதன்மேலேயே கிடக்கும்.

கையைச் சூடாக்கிக்கொள்ளும் குட்டிப் பொட்டலங்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சீக்கிரம் கொதித்து, சீக்கிரம் ஆறிவிடும்.

கிரெஸ்டி_மகா

மேலே சொன்னதுல எனக்கு ஒரே ஒரு திருத்தம். கெக்கோ பெட்டிக்கு ஹீட் பேக் வைக்கவே கூடாதுன்னு யாரும் புரிஞ்சுக்க வேண்டாம். நேப்பர்வில் மார்ச் ராத்திரி 20களுக்கு இறங்கும். அதனால 40 மணி நேரப் பேக் ஒண்ணு வைங்க, ஆனா தாள் அடுக்கை அஞ்சாறா கூட்டுங்க. டப்பாக்களை பேக்குக்கு நேர் கீழே வைக்காம ஓரமா தள்ளி வைங்க. பெட்டிக்குள்ள 65லருந்து 75 வரை இருந்தா ரெண்டு பேருக்கும் சரி. ஒரு ராத்திரி 60க்கு வந்தாலும் சோம்பிக் கிடக்கும், அவ்வளவுதான். 88 ஆச்சுன்னா கிரெஸ்டி திரும்பி வராது.

இதை ஊகத்துல விடாதீங்க. அனுப்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உயிர் இல்லாம ஒரு ஒத்திகை பாருங்க: அதே பெட்டி, அதே பேக், டப்பா இருக்கிற இடத்துல ப்ரோப் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர், ராத்திரி முழுக்க கராஜ்ல. அதிகபட்சம், குறைந்தபட்சம் ரெண்டையும் பதிவு பண்ற மாடல் வேணும். பிறகு அதே பெட்டியை 72 டிகிரி வீட்டுக்குள்ள நாலு மணி நேரம் வைங்க. டாலஸ் பக்கம் வேன்ல உட்கார்ந்திருக்கப் போறதும் ஏறக்குறைய இதேதான். அங்கே 80 தாண்டினா தாளைக் கூட்டுங்க, இல்ல ஓட்டையில ஒண்ணை அடைங்க. ஆக்சிஜன் குறைஞ்சா பேக் தணியும்.

டப்பா: ரெண்டு பேருக்கும் 32 அவுன்ஸ் டெலி கப் (மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா). ஓட்டையை உள்ளேருந்து வெளியே குத்துங்க, எட்டுப் பத்து போதும். வெளியேருந்து குத்தினா பிசிறு உள்ளே நீட்டிக்கிட்டு கண்ணைக் கிழிக்கும். கிரெஸ்டிக்கு ஈரமாக்கிப் பிழிஞ்ச பேப்பர் டவல் ஒண்ணு, மேலே காய்ஞ்சது ரெண்டு, சும்மா கசக்கிப் போடுங்க. பிழிஞ்சா ஒரு சொட்டு கூட விழக்கூடாது. ஈரம் அதிகமானா உடம்பு குளிர்ந்துடும். லெப்பர்டுக்கு முழுக்கக் காய்ஞ்ச டவல். தேங்காய் நார், மண் எதுவும் வேண்டாம். மூடிக்கு மேல டேப்பை கூட்டல் குறி மாதிரி ஒட்டுங்க.

சாப்பாடு ரெண்டுக்கும் மூணு நாள் முன்னாடி நிறுத்தினா போதும். லெப்பர்டு வால்ல கொழுப்பு இருக்கு, கவலையே இல்லை.

கிரெஸ்டியை டப்பாவுக்குள்ள விரட்டாதீங்க. டப்பாவை முன்னாடி பிடிச்சு, பின்னாலருந்து மெதுவா விரல் காட்டினா தானே ஏறிடும். பயந்து வாலை விட்டா அதுக்கு மறுபடி முளைக்காது. லெப்பர்டுக்கு முளைக்கும், ஆனா பழைய அழகு வராது.

டாலஸ்_ஓணான்

வாங்கும் பக்கத்தைப் பற்றி. வீட்டு வாசலுக்கு வரவழைக்க வேண்டாம். லேபிள் எடுக்கும்போதே ஃபெடெக்ஸ் ஷிப் சென்டரில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மருந்துக்கடை, பேப்பர் கடைக்குள் இருக்கும் பிக்கப் கவுன்டர் இல்லை, ஃபெடெக்ஸின் சொந்த மையம். காலையில் அங்கே இறங்கியதும் தம்பி போய் எடுத்துவிடலாம். டெலிவரி வேனில் மதியம் வரை சுற்ற வேண்டியதில்லை. அனுப்பும் பக்கமும் அப்படியே: வேனை வீட்டுக்கு வரச் சொல்லாமல், அன்றைய கடைசி நேரத்துக்குச் சற்று முன் நீங்களே மையத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெட்டி குளிரில் கிடக்கும் நேரம் அதிலேயே பாதி குறையும்.

வானிலையை இரண்டு ஊருக்கு மட்டும் பார்த்தால் போதாது. பெட்டி நடுராத்திரியில் மெம்பிஸ் அல்லது இண்டியானாபொலிஸில் உள்ள ஃபெடெக்ஸின் பெரிய விமான மையத்தில் இறங்கி மாறலாம். மெம்பிஸில் பனிமழை என்றால் நாடு முழுக்கத் தாமதம்தான். முந்தைய நாள் மாலை பாருங்கள், சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் தள்ளுங்கள். செவ்வாய் அல்லது புதன் அனுப்புங்கள், ஒரு நாள் தவறினாலும் வார இறுதிக்குள் வந்துவிடும். வியாழன் அனுப்பினால் ஒரு தாமதம் போதும், சனி ஞாயிறு கிடங்கில் கிடக்க.

நேப்பர்வில்_பல்லி

நன்றி. இரண்டு பெட்டியாகவே அனுப்புகிறேன். தாமதத்துக்குப் பயந்து 40க்குப் பதில் 72 மணி நேரப் பேக் போட்டால் நல்லதா? பிறகு, தம்பி பெட்டியைத் திறக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஊர்வனகாரன்

72 மணி நேரப் பேக் தாமதத்துக்கு நல்லதுதான். ஆனால் அது சூடேற அதிக நேரம் எடுக்கும், இன்னும் முன்பே பிரித்துவைக்க வேண்டும். எதைப் போட்டாலும் ஒத்திகையை அதே பேக்கோடு பாருங்கள். இரண்டையும் சேர்த்து வைக்க மட்டும் வேண்டாம்.

தம்பிக்கு: மையத்தை விட்டு வந்ததும், காரை வெயிலில் நிறுத்தாமல், நேராக வீட்டுக்கு. கதவு சாத்திய அறையில் திறக்கட்டும். முதலில் பெட்டியைப் பிரிக்கும் முன்பே கைபேசியில் வீடியோ. ஏதாவது ஆகியிருந்தால் பணம் கேட்க அதுதான் ஆதாரம், பல திட்டங்களில் சில மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்வார்கள். டையை வெட்டும்போது கத்தரியின் மொட்டை முனை பை பக்கம் இருக்கட்டும்.

தொட்டால் ஜில்லென்று, அசையாமல் இருந்தால் பதறி விளக்குக்கு அடியில் வைக்க வேண்டாம். பையோடு, டப்பாவோடு 72 டிகிரி அறையில் ஒரு மணி நேரம் விட்டால் தானாக அசையும். திடீர்ச் சூடுதான் கெடுதல். மாறாக வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் அது சூடு ஏறியதன் அடையாளம்; பெட்டியை விட்டு வெளியே எடுத்து நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, ஊர்வன பார்க்கும் மருத்துவரைக் கூப்பிடட்டும். ஐஸ் தண்ணீர் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தால் தண்ணீர், ஒளிய ஓர் இடம், அவ்வளவே. யாரும் கையில் எடுக்க வேண்டாம். கெக்கோக்களுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துச் சாப்பாடு. பைத்தானுக்கு ஒரு வாரம் கழித்து, வழக்கத்தைவிடச் சின்ன எலி. மறுத்தால் அடுத்த வாரம் பார்க்கலாம், பால் பைத்தான் பட்டினி கிடப்பது புதிது இல்லை.